கழுவியாயிற்று என்றால் போதுமா?

வைத்தியசாலைகளில் குழாய்ப் பரீட்சை என்பது இப்பொழுது மிகவும் சாதாரணமாய்விட்டது. ஓயாத வயிற்று வலி என்று போனாலும், மலத்தில் இரத்தம் என்று போனாலும், மஞ்சட்காமாலை தீரவில்லை என்று போனாலும், டாக்டர் “எண்டாஸ்கோப்பி பார்த்துவிடுவோம்” என்கிறார். அதாவது விரற்கடைப் பருமனில், வளைந்து கொடுக்கக் கூடியதாய், மூன்று நாலு அடி நீளமுள்ள ஒரு குழாயை வாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ உள்ளே செலுத்தி, அதன் நுனியிலுள்ள விளக்கையும் காமிராவையும் கொண்டு குடலை நேரில் பார்த்துவிடுவதாகும். பார்ப்பது மாத்திரமல்ல, அக்குழாய்க்குள்ளேயே கம்பிகளை விட்டுக் கல்லை எடுக்கிறார்கள், அடைப்பை நீக்குகிறார்கள், சதைத் துணுக்கைக் கிள்ளியெடுத்துப் புற்றுநோயா அல்லவா என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்த நிலைமை சும்மா வந்துவிடவில்லை. 1868-ம் வருஷத்தில் ஜெர்மனியில் குஸ்மால் என்ற டாக்டர், மனிதனின் இரைப்பைக்குள் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டு, விறைப்பான உலோகக் குழாயை யார் விழுங்கச் சம்மதிப்பார்கள் என்று யோசித்து, கடைசியில் கத்தி விழுங்கி வித்தை காட்டிப் பிழைக்கும் ஒருவரைக் கொண்டு பரீட்சை செய்தார். பிறகு 1957-ல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் தலைமயிரைப் போன்ற கண்ணாடி நார்களைக் கட்டாகக் கட்டி வளையும் குழாய் ஒன்றைச் செய்து, பிறருக்குப் போடுமுன் தானே விழுங்கிப் பார்த்தார். மனிதனுடைய அறிவினாலும் பிரயாசையினாலும் கிடைத்த இந்தச் சாதனத்தை நாம் குறை சொல்ல வரவில்லை. இதனால் உயிர் பிழைத்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள்.

நாம் கேட்கப் போவதெல்லாம், படுக்கையில் படுத்து வாயைத் திறக்கும் நோயாளி ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய, ஆனால் கூச்சத்தாலோ பயத்தாலோ கேட்காமல் இருந்துவிடுகிற ஒரு சிறு கேள்விதான். எனக்கு முன்னால் இந்தக் குழாய் யாருடைய வயிற்றுக்குள் போயிருந்தது? வெளியே எடுத்த பின் அதை என்ன செய்தீர்கள்?

“கழுவியாயிற்று” என்று பதில் வரும். அந்தப் பதில் போதுமா என்பதுதான் இங்கே பிரஸ்தாபம்.

கத்தரிக்கோல், கத்தி முதலிய ஆயுதங்களைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அவற்றை நீராவிப் பெட்டியில் போட்டு 121 டிகிரி அல்லது அதற்கு மேற்பட்ட சூட்டில் வேகவைத்துவிட்டால் எந்தக் கிருமியும் மிஞ்சாது. ஆனால் எண்டாஸ்கோப்பை அப்படி வேகவைக்க முடியாது. அது ரப்பரும் பிளாஸ்டிக்கும் பசையும் கண்ணாடியும் சேர்ந்து செய்தது. வேகவைத்தால் பல லக்ஷ ரூபாய்ச் சாமான் ஒரே நாளில் குப்பைக்குப் போய்விடும். ஆகவே அதை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் கிருமி நீக்குகிறார்கள்.

இப்படிச் செய்வதற்கு ஒரு சாஸ்திரமும் உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியாவிலிருந்த ஸ்பால்டிங் என்ற பேராசிரியர் 1950-களிலும் 60-களிலும் ஆஸ்பத்திரிச் சாமான்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார். உடலைக் கிழித்து இரத்தத்துக்குள் போகும் கருவியில் ஒரு கிருமி கூட இருக்கக் கூடாது என்பது முதல் வகுப்பு. வாய், குடல் முதலியவற்றின் மெல்லிய சவ்வைத் தொடும் கருவிக்கு, சில கெட்டியான விதைக்கிருமிகள் மிஞ்சினாலும் பாதகமில்லை, மற்றவை ஒழிந்தால் போதும் என்பது இரண்டாவது வகுப்பு. தோலை மட்டும் தொடுபவை மூன்றாவது. எண்டாஸ்கோப்பை இரண்டாவது வகுப்பில் வைத்தார்கள். அந்தக் காலத்துக் குழாய் பார்க்க மட்டுமே பயன்பட்டதால் அது பொருத்தமாகவே இருந்தது. இன்றைய குழாய் வெட்டுகிறது, கிள்ளுகிறது, பித்தநீர்க் குழாய்க்குள் புகுகிறது. இப்படியிருந்தும் பெரும்பாலான இடங்களில் அது இன்னமும் இரண்டாவது வகுப்பிலேயே இருந்து வருகிறது. காரணம், முதல் வகுப்புக்கு ஏற்றினால் செலவும் நேரமும் அதிகமாகும் என்பதைத் தவிர வேறு வலுவான காரணம் நமக்குத் தோன்றவில்லை.

நிற்க, கழுவும் வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். பரீட்சை முடிந்து குழாயை உருவியவுடனே, அதே இடத்திலேயே, ஈரம் காயுமுன் துடைத்து, உட்துளைகளில் மருந்துத் தண்ணீரை உறிஞ்சவிட வேண்டும். காய்ந்துபோனால் அழுக்கு பிடித்துக் கொள்ளும். பின்பு காற்றை அடைத்து, தண்ணீரில் அமுக்கி, எங்காவது ஓட்டை உண்டா என்று சைக்கிள் டியூப்புக்குப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். பின்பு நீண்ட பிரஷ்களைக் கொண்டு ஒவ்வொரு துளையையும் தேய்க்க வேண்டும். பின்பு அலச வேண்டும். வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்து அழுக்கு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் கிருமிநாசினி மருந்தில் குறித்த சூட்டில், குறித்த நிமிஷம் ஊறவைக்க வேண்டும். பிறகு சுத்தமான தண்ணீரில் மறுபடியும் அலசி, சாராயச் சத்தை உள்ளே விட்டு, குறைந்தது 10 நிமிஷமாவது காற்றை ஊதி உலர்த்தி, வளைக்காமல் நேராகத் தொங்கவிட வேண்டும். உலர்த்தும் வேலையைச் சிலர் அலட்சியம் செய்கிறார்கள். துளைக்குள் ஈரம் இருந்தால், மாலையில் பத்துக் கிருமி மிஞ்சியது விடிவதற்குள் லக்ஷமாகிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்றுண்டு. தேய்ப்பதைச் சரியாகச் செய்யாமல் மருந்தில் மட்டும் ஊறவைத்தால், கிருமி சாவதற்குப் பதிலாக அதற்குப் பந்தோபஸ்து ஏற்படுகிறது. சில மருந்துகள் இரத்தத்தையும் சளியையும் கெட்டிப்படுத்தி அங்கேயே ஒட்டவைத்துவிடும். அந்தப் படலத்திற்கு அடியில் கிருமிகள் கோட்டைக்குள் இருப்பதைப்போல் சுகமாக இருந்துகொண்டு, அடுத்த நோயாளி வரும்வரை காத்திருக்கும். வெளிப்பார்வைக்குக் குழாய் பளபளவென்று இருக்கும்.

எல்லாக் குழாய்களிலும் தொல்லை பிடித்தது, பித்தநீர்க் குழாயிலும் கணையத்திலும் வேலை செய்வதற்கென்று ஏற்பட்ட டுவோடினோஸ்கோப் என்பதாகும். மற்றக் குழாய்கள் நேரே பார்க்கும். இது பக்கவாட்டில் பார்க்கும். உள்ளே விடும் கம்பியை வேண்டிய பக்கம் திருப்புவதற்காக இதன் நுனியில் கீல் வைத்த ஒரு சிறு தூக்கி உண்டு. அந்தத் தூக்கிக்குப் பின்னாலும், கீலின் இடுக்கிலும், அதை இழுக்கும் கம்பியின் பக்கத்திலும் எந்தப் பிரஷும் ஒழுங்காகப் போவதில்லை. இதைக் கழுவுவதற்குச் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கு மேற்பட்ட படிகள் உண்டென்று கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் வருஷத்திற்கு 5 லக்ஷத்திற்கு அதிகமான பேருக்கு இக்குழாயைப் போடுகிறார்கள்.

இனி நடந்த சம்பவங்களுக்கு வருவோம். 2012-ல் ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரத்தில், ஐரோப்பாவிலேயே பேர்பெற்ற ஓர் ஆஸ்பத்திரியில், மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் என்ற ஒரே கிருமி பல பேருக்கு வந்தது. விசாரித்ததில் 22 பேர் ஒரே மாதிரிக் குழாய் போட்டுக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. ஜப்பானில் ஒலிம்பஸ் கம்பெனியார் செய்த புது மாடல் குழாய் அது. அதைப் பிரித்துப் பார்த்தார்கள். நுனியிலிருந்த மூடி, பழைய மாடலில் கழற்றிக் கழுவக் கூடியதாயிருந்தது. புது மாடலிலோ நிரந்தரமாக ஒட்டப்பட்டிருந்தது. அதற்கு அடியில் பழுப்பு நிறத்தில் அழுக்குப் படிந்திருந்தது. கழுவுகிறவனுக்கு அந்த இடம் கண்ணுக்கே தெரியாது என்றால், அவன் அதை எப்படிக் கழுவுவான்?

2013-ல் அமெரிக்காவில் சிகாகோ பட்டணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் 39 பேருக்கு அதிபயங்கரமான ஒரு கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் 35 பேருக்கு மேற்படி குழாய் சம்பந்தம் இருந்தது. அந்தக் கிருமியிடம் இருந்த மருந்தெதிர்ப்புச் சக்திக்குப் பெயர், நம் நாட்டுத் தலைநகரமான புதுடெல்லியை வைத்து இடப்பட்டதாகும். டெல்லிக்கு வந்து சிகிச்சை பெற்றுச் சுவீடனுக்குத் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் அது முதலில் காணப்பட்டதே காரணம். அந்தப் பெயரைக் கேட்டு நம் தேசபக்தர்கள் சிலர் மானம் போய்விட்டதாகக் கூச்சல் போட்டார்கள். பெயரில் போகிற மானத்தைப் பற்றிப் பட்ட கவலையில் பாதியாவது கிருமி பரவும் வழியைப் பற்றிப் பட்டிருக்கலாம்.

அந்தச் சிகாகோ சம்பவத்தில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, கழுவினவர்கள் பேரில் ஒரு தப்பிதமும் காணப்படவில்லை என்பதாகும். கம்பெனி சொன்னபடியே எல்லாம் செய்திருந்தார்கள். அப்படிச் செய்தும் கிருமி இருந்தது. பிறகு அவர்கள் மருந்துத் தண்ணீரை நம்புவதை விட்டு, எத்திலீன் ஆக்ஸைடு என்ற வாயுவைக் கொண்டு கிருமி நீக்க ஆரம்பித்தார்கள். புதிதாக நோய் வருவதும் நின்றது.

அமெரிக்காவின் மேற்குக் கோடியில் சியாட்டில் நகரத்திலும் இதே கதைதான். அங்கே 2012 முதல் 2014 வரை 30-க்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று ஏற்பட்டது. அவர்களில் பலர் முன்னமே கணையப் புற்றுநோய் முதலிய கடும் வியாதிக்காரர்கள். ஆகையால் இறந்தவர்கள் கிருமியால் இறந்தார்களா வியாதியால் இறந்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அங்கிருந்தவர்கள் செய்த காரியத்தை மட்டும் நாம் பாராட்டாமலிருக்க முடியாது. ஒவ்வொரு தரமும் குழாயைக் கழுவிய பின் அதிலிருந்து மாதிரி எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று சோதனைக்கு அனுப்பி, இரண்டு நாள் வரையில் அந்தக் குழாயை யாருக்கும் போடாமல் பூட்டி வைத்தார்கள். முடிவு சுத்தம் என்று வந்தால்தான் வெளியே எடுப்பது. இதற்காகப் பல குழாய்களை அதிகமாக வாங்க வேண்டியிருந்தது. வாங்கினார்கள்.

பின்பு 2015 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் 179 பேருக்கு, “உங்களுக்குக் கிருமி தொற்றியிருக்கலாம், வந்து சோதித்துக்கொள்ளுங்கள்” என்று தகவல் போயிற்று. ஏழு பேருக்குத் தொற்று என்றும், இருவர் சாவில் அதற்குப் பங்குண்டு என்றும் முதல் அறிக்கையிலேயே சொல்லப்பட்டது. கார்பபெனெம் என்ற கடைசி மருந்துக்கும் அடங்காத கிருமி அது. அவ்விதக் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டால் பாதிப் பேர் வரையில் பிழைப்பதில்லை. அப்போதுதான் பத்திரிகைகள் எழுந்தன. அமெரிக்க சர்க்காரின் மருந்துக் கண்காணிப்பு இலாகாவும் எழுந்தது.

ஆனால் எழுந்தது எப்போது? ராட்டர்டாமில் அகப்பட்ட பின் 2013 ஜனவரியிலேயே கம்பெனியார் ஐரோப்பாவிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கு எச்சரிக்கை அனுப்பிவிட்டார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு அந்த எச்சரிக்கை போகவில்லை. அமெரிக்கக் கண்காணிப்பு இலாகாவுக்கும் 2013-லேயே சங்கதி எட்டியிருந்தது. பொதுஜனங்களுக்கு அவர்கள் வாய் திறந்தது 2015 பிப்ரவரியில்தான். ஐரோப்பியன் வயிறு ஒரு ஜாதி, அமெரிக்கன் வயிறு வேறு ஜாதியா என்று கேட்கிறோம். இன்னொரு விந்தை என்னவென்றால், அந்த மாடல் குழாயை 2010 முதலே கம்பெனியார் அமெரிக்காவில் விற்று வந்திருந்தும், அதற்குத் தனியாக அனுமதி பெறவே இல்லை. சில வருஷங்கள் கழித்துத்தான் இலாகா அதைக் கண்டுபிடித்தது. 2016 ஜனவரியில், நுனியைத் திருத்திய பிறகு, அனுமதி கொடுத்தார்கள்.

அதே மாதத்தில் அமெரிக்க செனட் சபையின் கமிட்டியில் பாட்டி மர்ரே என்ற அம்மையார் வெளியிட்ட அறிக்கையில், 2012-க்கும் 2015-க்கும் இடையில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாகக் குறைந்தது 25 தடவை இவ்விதத் தொற்று கிளம்பியதாகவும், குறைந்தது 250 பேர் அகப்பட்டதாகவும் கண்டிருக்கிறது. கம்பெனி மேல் மட்டும் பழியில்லை. கொடுக்க வேண்டிய அறிக்கைகளைச் சரியாகக் கொடுக்காத ஆஸ்பத்திரிகளும் பல என்று அதே அறிக்கை சொல்லுகிறது. கடைசியாக 2018 டிசம்பரில் ஒலிம்பஸ் கம்பெனியார், தொற்றுச் சம்பவங்களைப் பற்றிச் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்காமல் குழாய்களை விற்று வந்தது குற்றமென்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டு, அபராதமும் பறிமுதலுமாக 8½ கோடி டாலர் கட்டினார்கள்.

ஒருவன் தெரியாமல் செய்த தவறு வேறு. தெரிந்த பின் மூடி வைப்பது வேறு. குழாயின் மூடிக்கு அடியில் இருந்த அழுக்கைக் காட்டிலும் காகிதங்களுக்கு அடியில் வைத்திருந்த அழுக்கே அதிகப் பேரைப் பிடித்தது என்பது நமது அபிப்பிராயம்.

இது ஏதோ ஒரு கம்பெனியின் ஒரு மாடலோடு தீர்ந்த சங்கதி என்று யாராவது சொல்லுவார்களானால், அதுவும் சரியல்ல. 2015-ல் அமெரிக்க சர்க்கார் ஒலிம்பஸ், ஃபூஜிஃபிலிம், பென்டாக்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகளையும், ஆஸ்பத்திரிகளில் கழுவி வைத்திருக்கும் குழாய்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து முடிவு கொடுக்கும்படி உத்தரவிட்டது. மூவரும் காலம் கடத்தியதால் 2018-ல் மூவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. பின்னர் 2019 ஏப்ரலில் வெளியான இடைக்கால முடிவில், ஒழுங்காக எடுத்த மாதிரிகளில் 100-க்கு 5.4 வீதம், கடும் நோய் உண்டாக்கக் கூடிய கிருமிகள் இருந்தன என்று கண்டது. அதாவது கழுவி, ஊறவைத்து, உலர்த்தி, “தயார்” என்று தொங்கவிட்டிருந்த குழாய்களில், இருபதில் ஒன்றிற்கு மேல்! மறுநாள் காலையில் யாரோ ஒருவர் வாயைத் திறந்து அதை விழுங்கியிருப்பார்.

பெருங்குடல் பார்க்கும் குழாயிலும், மூக்கு தொண்டை பார்க்கும் குழாயிலும் தொல்லை இல்லாமலில்லை. அமெரிக்காவில் பழைய சிப்பாய்களுக்கென்று சர்க்கார் நடத்தும் ஆஸ்பத்திரிகளில் மூன்று ஊர்களில், குழாயையும் அதன் துணைச் சாமான்களையும் சரிவரக் கழுவவில்லை என்று கண்டு, 2009-ல் 10,000-க்கு மேற்பட்டவர்களை எய்ட்ஸ், மஞ்சட்காமாலைக் கிருமிகளுக்குச் சோதித்துக்கொள்ளும்படி அழைத்தார்கள். சிலருக்கு நோய் இருந்தது. அது குழாயால்தான் வந்தது என்று நிரூபிக்க இயலவில்லை. ஆனால் அந்தப் பத்தாயிரம் குடும்பங்களும் முடிவு வரும் வரையில் தூங்கியிருக்குமா?

இவ்விடத்தில் சுத்தம் என்ற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் இந்த வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. மூன்று தரம் தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டால் சுத்தம். ஈரத் துணியோடு நின்றால் மடி. பாசி பிடித்த குளத்தில் முழுகினால் ஏழு தலைமுறைக்கும் சுத்தம். அதெல்லாம் சுத்தமாயிற்றா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, சோதிக்க வேண்டுமென்று சொல்லுபவன் பாபியாகிறான். ஆஸ்பத்திரிச் சுத்தம் அப்படிப்பட்டதல்ல, அது விஞ்ஞானம் என்று நாம் நம்புகிறோம். அதுவும், “புஸ்தகத்தில் சொன்ன படிகளையெல்லாம் செய்தாயிற்று, ஆகவே சுத்தந்தான், சோதனை எதற்கு?” என்ற நிலைக்கு வந்துவிட்டால், மடிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றில் மந்திரம் சமஸ்கிருதத்திலும், மற்றொன்றில் இங்கிலீஷிலும் இருக்கும், அவ்வளவுதான்.

இது படித்தவர்களுக்குப் புதிய வியாதியுமல்ல. 1840-களில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1846-ல் டாக்டர்கள் வார்டில் 100 தாய்மார்களுக்கு 11 பேருக்கு மேல் செத்தார்கள்; மருத்துவச்சிகள் வார்டில் 3 பேருக்கும் குறைவு. காரணத்தைக் கண்டுபிடித்தவர் செம்மல்வைஸ் என்ற டாக்டர். பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்த்ததே காரணம் என்று சொல்லி, 1847-ல் சுண்ணாம்புக் குளோரினில் கைகழுவ வைத்தார். 1848-ல் அந்த வார்டில் சாவு 100-க்கு ஒன்றேகாலாகக் குறைந்தது. அதற்காக அவருக்கு மாலை போட்டார்களா? இல்லை. “கனவான்களாகிய எங்கள் கையா அசுத்தம்?” என்ற கோபமே மிஞ்சியது. அவருடைய உத்தியோகம் நீடிக்கப்படவில்லை. 1865-ல் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கணக்கைப் பார்க்க மறுப்பவன் டாக்டராயிருந்தாலென்ன, பூசாரியாயிருந்தாலென்ன?

இனி, கழுவுகிறவர்களைப் பற்றி. அமெரிக்காவில் 2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சில இடங்களில் கழுவுகிறவர்களின் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு படியையும் குறித்துக்கொண்டு வந்தார்கள். கையால் தேய்க்க வேண்டிய முறையில், எல்லாப் படிகளும் விடாமல் செய்யப்பட்டது 100-க்கு 1.4 குழாய்களில்தான். தேய்ப்பதையும் இயந்திரமே செய்த இடங்களில் அது 75.4 ஆக இருந்தது. இதைக் கேட்டவுடன், “பார்த்தீர்களா, கீழ்ச் சிப்பந்திகள் சோம்பேறிகள்” என்று சொல்ல மேலே இருப்பவர்கள் தயாராயிருப்பார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். நூறு படியுள்ள வேலையைக் கொடுத்துவிட்டு, அடுத்த நோயாளி மேஜையில் படுத்துவிட்டார் சீக்கிரம் கொண்டு வா என்று வாசலிலிருந்து சத்தம் போட்டால், எந்தப் படியை அவன் விடுவான்? யாரும் பார்க்காத படியைத்தான் விடுவான். குழாயை உள்ளே விடுகிற டாக்டருக்குப் பட்டமும் பணமும் பெயரும் உண்டு. அதைக் கழுவுகிறவருக்கு, பல இடங்களில், பயிற்சி என்பது பக்கத்திலிருப்பவர் செய்வதைப் பார்த்துக்கொள்வதுதான். மருந்து நெடியில் கண்ணெரிந்து, முதுகு வலிக்க நின்று வேலை செய்யும் அவர் தூங்கிவிட்டால் டாக்டரின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் வீண். உயிரைக் காப்பாற்றும் வேலையில் பாதி, கழுவும் தொட்டியண்டைதான் நடக்கிறது. கழுவுகிற வேலை கீழான வேலை, அதற்கு யாராயிருந்தாலும் போதும் என்ற எண்ணம் எந்தத் தேசத்திலிருந்தாலும் ஆபத்து. நம் தேசத்தில் அந்த எண்ணம் எவ்வளவு ஆழத்தில் புதைந்து கிடக்கிறது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

பரிகாரம் இல்லாமலில்லை. அமெரிக்க சர்க்கார் 2019 ஆகஸ்டில், நுனியைக் கழற்றி எறியக் கூடிய மாதிரிக் குழாய்களுக்கு மாறும்படி ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிற்று. அதே வருஷம் டிசம்பரில், ஒருவருக்குப் போட்டதும் முழுவதையும் எறிந்துவிடும் குழாய்க்கும் முதல்முதலாக அனுமதி கொடுத்தது. எறிந்துவிடும் குழாய் விலை அதிகம், குப்பையும் மலையாகும். ஏழை நோயாளி தலையில் அதன் விலையை ஏற்றினால் அவன் வைத்தியமே செய்துகொள்ள மாட்டான். ஆகையால் எல்லோருக்கும் எறியும் குழாய் என்று பேசுவது நம் போன்ற தேசத்துக்கு இன்றைக்குப் பொருந்துமென்று தோன்றவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமி உள்ளவருக்கு எறியும் குழாய், மற்றவர்களுக்குக் கழற்றும் நுனி, எல்லாவற்றுக்கும் மாதிரி எடுத்துச் சோதனை என்று வைத்துக்கொள்வது நடக்கக் கூடிய காரியம். ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு குழாய் வாங்குவதும், கழுவ இரண்டு ஆளுக்குப் பதில் நான்கு ஆள் வைப்பதும் ஆஸ்பத்திரி வாசலில் பளிங்குக் கல் பதிப்பதைவிட அதிகச் செலவாகாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, “குழாயே வேண்டாம்” என்று சொல்லி வேப்பிலை அடிக்கவும் மந்திரிக்கவும் யாராவது போவார்களானால், அதைவிடப் பெரிய மடத்தனம் வேறில்லை. பித்தநீர்க் குழாயில் கல் அடைத்துச் சீழ் பிடித்தால் குழாய்ப் பரீட்சைதான் உயிர் காக்கும். அந்த நேரத்தில் தள்ளிப்போட்டால் சாவு கிட்டத்தட்ட நிச்சயம். குழாயால் கிருமி வருவதோ பல பேரில் எங்கோ ஒருவருக்குத்தான். வேண்டுமென்று டாக்டர் சொன்னால் செய்துகொள்ளத்தான் வேண்டும். செய்துகொள்ளு முன் கேட்கவும் வேண்டும்.

நம் ஊர்களிலும் ஜில்லாத் தலைநகர் முதல் சிறு பட்டணம் வரையில் இக்குழாய்கள் உபயோகத்தில் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை சிலவே. குழாயைக் கையால் தேய்த்த பிறகு இயந்திரத்தில் போடுகிறீர்களா, நேராக ஊறவைக்கிறீர்களா? கழுவுகிறவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? கடைசியாகக் கிருமிச் சோதனை என்றைக்குச் செய்தீர்கள், முடிவு எங்கே? எத்தனை குழாய் இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் போடுகிறீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே போதும். ஒரே குழாயை வைத்துக்கொண்டு காலை முதல் மத்தியானத்திற்குள் இருபது பேருக்குப் போட்டதாக யாராவது பெருமையடித்துக்கொண்டால், அங்கே கழுவுவதற்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்பதைப் படிக்காதவனும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல டாக்டர் இக்கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்கிறவரிடம் இன்னும் இரண்டு தரம் கேட்க வேண்டும்.

குழாய்க்கு ஒவ்வொன்றிற்கும் கம்பெனியின் நம்பர் உண்டு. அந்த நம்பரையும் தேதியையும் நோயாளியின் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவருக்குத் தொற்று வந்தால், அதே குழாய் போட்ட மற்றவர்களைத் தேடிப் பிடித்துச் சொல்ல அந்த நம்பரை விட்டால் வேறு வழியில்லை. குழாய் போட்ட பின் காய்ச்சல், குளிர் நடுக்கம், மஞ்சள் நிறம், வயிற்று வலி ஆகிய எது வந்தாலும் கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல், அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், இன்ன தேதியில் எனக்குக் குழாய் போட்டார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.